ரெசின் கால்

என் வலது கால் முழங்காலுக்கு நாலு விரற்கடை கீழே நின்றுவிடுகிறது. அதற்குக் கீழே இருந்ததை ஆஸ்பத்திரியில் என்ன செய்தார்கள் என்று அன்றைக்கு நான் கேட்கவில்லை. மயக்கம் தெளிந்து கேட்கலாம் என்று நினைத்தபோது வெட்கமாக இருந்தது. இருபது வருடம் மலை ஏறி இறங்கிய கால். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

விறகுக்குப் போன இடத்தில் நடந்தது. மேலே அடுக்கி வைத்திருந்த யூகலிப்டஸ் கட்டை ஒன்று கயிறு அறுந்து உருண்டு வந்தது. என்னோடு வந்த அழகம்மா ஒரு பக்கம் குதித்தாள், நான் மறுபக்கம் குதித்தேன், கட்டை என் பக்கம் வந்தது. அவ்வளவுதான். லயத்தில், எங்கள் வரிசை வீடுகளில், ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். நேர்த்திக்கடன் பாக்கி என்றார்கள், கண் பட்டுவிட்டது என்றார்கள். கண் படுகிற அளவுக்கு என்னிடம் என்ன இருந்தது? புருஷன் லோரன்ஸ் மஞ்சள் காமாலையில் போய் இரண்டு வருடம். இரண்டு பெண் பிள்ளைகள். தலவாக்கலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், மேக்கணக்குப் பிரிவு ஆறாம் லயத்தில், ஒரே ஒரு அறை, ஒரு காம்பரா.

அந்தக் காம்பராதான் விஷயம். அது என் பேரில் இருந்தது. காலையில் பெரட்டுக்களத்தில் பேர் கூப்பிடும்போது வந்து நிற்கிறவருக்குத்தான் செக்ரோல் என்கிற வேலையாள் புத்தகத்தில் பேர். செக்ரோலில் பேர் இருக்கிறவருக்குத்தான் காம்பரா. பேரை வெட்டிவிட்டால் ஒரு மாதத்துக்குள் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு வெளியேற வேண்டும். எங்கே போவது? எனக்கென்று இருப்பது தம்பி சிறில் ஒருவன். அவன் காம்பராவில் அவன், பெண்டாட்டி, நாலு பிள்ளைகள், மாமியார். ஏழு பேரும் படுத்த பிறகு அங்கே கதவைத் திறக்கக்கூட இடம் இருக்காது.

எண்பத்திரண்டாம் வருடம் ஜனவரியில் தோட்டத்து மேனேஜரான பெரியதொரை என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டனுப்பினார். கம்பை ஊன்றிக்கொண்டு போனேன். சிங்களவர் என்றாலும் எங்கள் தமிழை நன்றாகவே பேசுவார். என் முகத்தைப் பார்க்காமல் மேசையில் இருந்த கடதாசியைப் பார்த்தே பேசினார்.

"மார்ச் ஒண்ணாந் தேதி பெரட்டுக்கு வா. ரெண்டு கால்ல நில்லு. மாசம் முழுக்க ஒரு நாள் தவறாம நில்லு. நின்னா பேர் இருக்கும். இல்லாட்டி நான் ஒண்ணும் செய்ய ஏலாது."

"ஸ்டோர்ல ஒக்காந்து தேயிலைக் குச்சி பொறுக்கற வேலை குடுக்கலாமுங்களே, தொரை."

"அங்க ஆள் கூட."

ஒரு காலோடு வந்தவளைப் பார்த்து ரெண்டு காலில் நில்லு என்கிறாரே, மற்றது என்ன கொத்தமல்லியா, விதைத்தால் முளைக்க? இப்படிக் கேட்க வாய் துறுதுறுத்தது. பக்கத்தில் நின்ற மேற்பார்வைக் கண்டாக்கையா கண்ணாலேயே அதட்டினார். அடக்கிக்கொண்டேன். கொழும்பில் கட்டைக்கால் செய்து கொடுக்கிறார்கள் என்று ஏற்கனவே போய்ப் பேர் எழுதியிருந்தோம். ஒரு வருடமாவது ஆகும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

லயத்துக்கு வந்து அழுதேன். சிறில் வந்து வாசலில் குந்தினான்.

"அழுவாத அக்கா. நான் செஞ்சு தாரேன்."

"எதை? காலையா? நீ என்ன கடவுளா?"

"கடவுளுக்கு லேத்து ஓட்டத் தெரியாது."

சிறில் தேயிலை ஸ்டோரில், கொழுந்தைத் தேயிலையாக்கும் தொழிற்சாலையில், லேத்துக்காரன். அந்தக் கட்டடத்தில் சுற்றுகிற எந்தச் சாமான் தேய்ந்தாலும் அவன்தான் கடைந்து போடுவான். முந்தின வருடம் கொழுந்து வாட்டும் பெரிய காற்றாடியின் அலுமினிய இறக்கைகள் உடைந்துபோய், கொழும்பிலிருந்து ஒரு மெக்கானிக் பாஸ் புது இறக்கைகள் கொண்டுவந்து பூட்டினார். அவை இரும்புமில்லை, அலுமினியமுமில்லை. கண்ணாடி நாரில் நெய்த பாயை அச்சில் பரப்பி, ரெசின் என்று தேன் மாதிரி ஒன்றை ஊற்றிச் செய்ததாம். ஓரம் உடைந்தால் சரிசெய்ய எடுத்து வந்ததில் மிச்சம் அரை டின் ரெசினும், ஒரு துண்டு நார்ப்பாயும், சின்னப் போத்தலில் கட்டியாக்கும் மருந்தும் சிறிலிடம் விட்டுப் போனார். ரெசின் ஒரு பால் டின்னுக்கு மருந்து ஒரு மூடி, அரை மணியில் கல்லாகிவிடும் என்று சொல்லிக்கொடுத்தார். அவர் சொன்னது கொழும்புச் சூட்டுக்கு. எங்கள் குளிருக்கு என்ன கணக்கு என்று அவருக்கும் தெரியாது, இவன் கேட்கவுமில்லை.

மறுநாளே வேலை தொடங்கியது. தோட்டத்து மருந்தையாவிடம் கெஞ்சி மாவுக்கட்டு வாங்கி வந்து என் மொட்டைக் காலைச் சுற்றிக் கட்டினான். அது காய்ந்ததும் உருவி, உள்ளே சுண்ணாம்பு மாவைக் கரைத்து ஊற்றினான். என் காலின் வெட்டுவாய் அப்படியே வெள்ளையாக வந்து மேசையில் நின்றது. நான் அதைப் பார்க்க மாட்டேன் என்று திரும்பிக்கொண்டேன். பிறகு கலிப்பரை வைத்து என் நல்ல காலைச் சாணுக்குச் சாண் அளந்தான்.

"கெண்டைக்கால் இம்புட்டு மொத்தமா அக்கா? அச்சுக்கு அலுமினியம் பத்தாது போலருக்கே."

"மலை ஏறுனவ காலுடா. ஒம் பொஞ்சாதி காலு மாதிரி குச்சியா இருக்குமா?"

"ஆஸ்பத்திரில காலோட சேத்து ஒன் நாக்கையும் ஒரு இஞ்சு எடுத்திருக்கலாம்."

அந்த உடைந்த இறக்கைகளைத்தான் உருக்கி அச்சுக்குக் கட்டியாக வார்த்தான். சாப்பாட்டு மணிக்கு எல்லாரும் போனபிறகு, நாளுக்கு அரைமணி நேரமாக லேத்தில் ஏற்றிக் குடைந்தான். இரண்டு பாதி. சேர்த்துப் பூட்டினால் நடுவில் என் காலின் வடிவத்தில் வெற்றிடம். விரலை உள்ளே விட்டுத் தடவிப் பார்த்தேன், கண்ணாடியாக இருந்தது. ரெசின் ஒட்டாமல் இருக்க உள்ளே மெழுகு பூச வேண்டுமாம். அந்தோனியார் கோயிலில் எரிந்து மிஞ்சிய மெழுகுவர்த்தித் துண்டுகளைப் பெரிய மகள் தெரேசா பொறுக்கி வந்தாள். பாதத்துக்கு மரக்கட்டையும் லொறி டயரும். எல்லாம் சரி.

பெப்ரவரி பதினோராந்தேதி வியாழக்கிழமை அச்சில் நார்ப்பாயைப் பரப்பி, இருந்த ரெசின் முழுவதையும் மருந்து கலந்து பூசி, நடுவில் அந்த வெள்ளைக் காலை இறக்கிப் பூட்டினான். அரை மணியில் கல்லாகும் என்றது மறுநாளும் ஆகவில்லை. சனிக்கிழமை அச்சின் வாயில் விரலை வைத்தால் பலாப்பால் மாதிரி ஒட்டிக்கொண்டு வந்தது. பனி ஜன்னல் வழியாக உள்ளே வந்து போய்க்கொண்டிருந்தது. வேறு ரெசின் ஒரு சொட்டு இல்லை.

சிறில் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். "சூடு வேணும் அக்கா. நம்ம ஊரு குளிருல இது பிடிக்காது."

அப்போதுதான் என் வாய் திறந்தது. அன்றைக்கு என் வாயில் புண் வந்திருக்கக் கூடாதா!

"சூடா? பச்சைக் கொழுந்தையே அரை மணியில மொறுமொறுன்னு காயவைக்கிற அடுப்ப பக்கத்துல வச்சுக்கிட்டு சூடில்லன்னு ஒக்காந்திருக்கியே, நீயெல்லாம் ஒரு மெக்கானிக்கா?"

அவன் என்னையே பார்த்தான். "ஸ்டோருக்குள்ள வாசம் ஆகாது அக்கா."

எனக்குத் தெரியாதா? தோட்டத்தில் பிறந்த எந்தக் குழந்தைக்கும் தெரியும். ஸ்டோருக்குள் வெங்காயம் உரிக்கக் கூடாது, ஆரஞ்சுத் தோடம்பழம் உரிக்கக் கூடாது, வாசனை எண்ணெய் வைத்த தலையோடு சல்லடைப் பக்கம் போகக் கூடாது. தேயிலை எந்த வாசத்தையும் குடித்துவிடும், குடித்ததைத் திருப்பித் தராது. எல்லாம் தெரியும். ஆனால் மார்ச் ஒன்றுக்கு இன்னும் பதினைந்து நாள்தான் இருந்தது.

"நாளைக்கு ஞாயித்துக்கெழம. விடியக்காலையில கடைசிக் கொழுந்து காய்ஞ்சதும் ஆளுங்க போயிருவாங்க. அடுப்பு மத்தியானம் வரைக்கும் சூடாத்தானே கெடக்கும்? கதவச் சாத்திட்டா போச்சு. இல்ல, எம்புள்ளைங்க ரோட்டுல நிக்கட்டும்னா சொல்லிரு."

இப்படிச் சொன்ன பிறகு எந்தத் தம்பி மறுப்பான்?

ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் பூசைக்குப் போயிருந்த நேரம். காவற்காரன் சிறில் பெண்டாட்டிக்குச் சொந்தம், டீ குடிக்கப் போய்விட்டான். சிறில் அச்சைத் தூக்கிக்கொண்டு போய் அடுப்பின் முதுகுப் பக்கம், செங்கல்மேல் வைத்தான். அடுத்த அறையில் சனிக்கிழமைத் தேயிலை முழுவதும், காய்ந்த சூடு ஆறாமல், சலிப்பதற்காகத் தரையில் குவிந்து கிடந்தது. அதன்மேல் படங்குத் தார்ப்பாயை விரித்து மூடினான். சூடு வெளியே போகக் கூடாது என்று ஜன்னல்களையும் ஒன்றுவிடாமல் சாத்தினான். நான் வாசல் படியில் காவல் உட்கார்ந்து ஜெபமாலை சொன்னேன். இரண்டு சுற்று முடியுமுன் அந்த வாசம் கதவிடுக்கில் வந்தது. இனிப்பாக, மூக்கைக் குத்துகிற மாதிரி, பெயின்டும் வாழைப்பழமும் சேர்த்துக் காய்ச்சினது போல. சேசுவே, சேசுவே என்று வேகமாகச் சொன்னேன்.

மத்தியானம் உள்ளிருந்து 'டொக் டொக்' என்று ஒரு சத்தம். சிறில் சுத்தியல் பிடியால் அதைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அக்கா! கல்லு!"

பூட்டுகளைக் கழற்றி இரண்டு பாதியையும் பிரித்ததும் மஞ்சள் நிறத்தில் ஒரு கால் வெளியே வந்தது. என் கெண்டைக்கால். இத்தனை நாள் எங்கே போயிருந்தாய் என்று கேட்கத் தோன்றியது. உள்ளேயிருந்த சுண்ணாம்பைத் தட்டி உதிர்த்து, அடியில் பாதத்தைப் பூட்டி, அந்தப் படியிலேயே மாட்டிவிட்டான். சுவரைப் பிடித்து எழுந்து, பிறகு சுவரை விட்டேன். நின்றேன். நானும் அழுதேன், அவனும் அழுதான்.

ஜன்னல்களைத் திறந்துவிட்டு வந்து, உள்ளே மூக்கை நீட்டிக் கேட்டான். "வாசம் இருக்கா அக்கா?"

"இல்ல," என்றேன். நாலு மணி நேரமாக அதையே முகர்ந்த மூக்குக்கு என்ன தெரியும்? இருந்தாலும் இல்லை என்றுதான் சொன்னேன்.

மார்ச் ஒன்று, திங்கட்கிழமை. பெரட்டுக்களத்தில் செல்லசாமிக் கங்காணி என் பேரைக் கூப்பிட்டார். "இருக்கேங்க!" என்று நான் போட்ட சத்தம் எதிர் மலைக்குக் கேட்டிருக்கும். பெரியதொரை திரும்பிப் பார்த்தார். சேலையைச் சற்றே உயர்த்திக் காட்டினேன். தொரை கொஞ்சமாகச் சிரித்தார், கையில் இருந்த பென்சிலால் ஏதோ குறித்துக்கொண்டார். கங்காணி எனக்கு ஏற்றம் குறைந்த மூன்றாம் நம்பர் மலையில் கொழுந்து பறிக்க நிரை கொடுத்தார். வெட்டுவாய் புண்ணாகி ரத்தம் வந்தது. துணியைச் சுற்றிக்கொண்டு எடுத்தேன். சாயந்தரம் காலைக் கழற்றினால் அந்த வாசம் வரும். வேர்வை பட்டுச் சூடானால் கூடவே வரும். மருந்து குறைவாகப் பிடித்த ரெசின், அதுதான் வாசம் போகவில்லை என்றான் சிறில். எனக்கு அது பிடித்திருந்தது. வாசம் வரும்போதெல்லாம் காம்பரா இருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

ஒரு நாள், இரண்டு நாள் என்று தெரேசா சுவரில் கரிக்கோடு போட்டாள். மழையில் போனேன், காய்ச்சலில் போனேன். இன்னும் நாலு கோடுதான் பாக்கி என்றிருந்தபோது கொழும்பிலிருந்து தேயிலை திரும்பி வந்தது. நாற்பது பெட்டி. ருசி பார்க்கிறவர்கள் வாயில் வைத்துத் துப்பிவிட்டார்களாம், பெயின்ட் வாசம் என்று எழுதி அனுப்பியிருந்தார்கள். ஸ்டோருக்குப் பெரியவரான டீமேக்கர் ஐயா ஸ்டோர் முழுவதும் தேடினார். பெயின்ட் டின் ஒன்றும் கிடைக்கவில்லை. பெப்ரவரி பதினாலில் காய்ந்த தேயிலைக்கு அவர்தான் பொறுப்பு, அவர் வேலைதான் போகும் என்று பேசிக்கொண்டார்கள். சிறில் அன்றைக்கு என் காம்பராப் பக்கமே வரவில்லை. நானும் போகவில்லை. பேசினால் நிஜமாகிவிடும் என்று இருந்தது.

சனிக்கிழமை, இருபத்தேழாம் தேதி. கொழுந்து நிறுக்க ஸ்டோர் வாசலில் வரிசையாக நின்றோம். வெயில். காலில் வேர்வை. டீமேக்கர் ஐயா வழக்கமாக அங்கே வருவதில்லை, அன்றைக்கு வந்தார். காலையிலிருந்து அந்தத் திரும்பி வந்த தேயிலையைத்தான் ஊற்றி ஊற்றி முகர்ந்துகொண்டிருந்தாராம். என்னைத் தாண்டிப் போனவர் நின்றார். திரும்பி வந்தார். கன்றுக்குட்டி மாதிரி மூக்கை நீட்டினார்.

"என்ன வாசம் இது?"

எனக்கு முன்னால் நின்ற பேச்சியம்மா என்னைப் பெருமையாகப் பார்த்தாள். ஒரு மாதமாக நான் அந்தக் காலைக் காட்டாத ஆள் இல்லை. லயத்துக் குழந்தைகள்வரை தட்டிப் பார்த்துவிட்டார்கள். பழக்க தோஷம்.

"எங்காலுங்க ஐயா. எந்தம்பி செஞ்சது," என்றேன்.

சொல்லி முடித்ததும் சேலையை இழுத்து மூடினேன். டீமேக்கர் ஐயா குனிந்து முகர்ந்தார். நிமிர்ந்தபோது அவர் முகம் வெளுத்திருந்தது. "ஏக்கம தமாய்," என்று சிங்களத்தில் முணுமுணுத்தார். அதேதான் என்றார்.

சிறில் உள்ளேயிருந்து ஓடி வந்தான். ஒன்றையும் மறைக்கவில்லை. "நாந்தாங்க வச்சேன். அக்காவுக்கு ஒண்ணுந் தெரியாது," என்றான். நான்தான் சொன்னேன் என்று கத்தினேன். யாரும் கேட்டுக்கொள்ளவில்லை, கால் இல்லாதவளின் கத்தல் அப்படித்தான். அவனை அன்றே வேலையிலிருந்து நிறுத்தினார்கள். விசாரணை ஏப்ரல் எட்டாந்தேதி என்றார்கள். விசாரணைக்குச் சாட்சி வேண்டும். சாட்சி என் சேலைக்குக் கீழே இருந்தது.

ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து நானே கழற்றிக் கொடுத்தேன். டீமேக்கர் ஐயா இரண்டு கையாலும் வாங்கினார். "எனக்கும் புள்ளைங்க இருக்கும்மா," என்றார் தாழ்ந்த குரலில். அவரைத் திட்ட நினைத்திருந்தேன், திட்ட முடியவில்லை. ஆபீஸ் கிளாக்கர் ஒரு அட்டையில் 'மார்கிரட், மேக்கணக்கு, ஆறாம் லயம்' என்று எழுதிக் கணுக்காலில் கட்டி, கண்ணாடி அலமாரியில் நிறுத்திப் பூட்டினார்.

திங்கட்கிழமை கம்பை ஊன்றி, தெரேசாவின் தோளைப் பிடித்துக்கொண்டு பெரட்டுக்குப் போனேன். செல்லசாமிக் கங்காணி என் பேரை மெதுவாகக் கூப்பிட்டார்.

"இருக்கேங்க."

பெரியதொரை பார்த்தார். "ரெண்டு கால்லன்னு சொன்னேன்."

"மத்தது ஒங்க ஆபீஸ்லதானுங்க நிக்குது, தொரை."

யாரோ சிரித்து, உடனே நிறுத்திக்கொண்டார்கள். தொரை ஆபீஸ் பக்கம் திரும்பினார். இருபது அடிதான். பெரட்டுக்களத்தில் நின்று பார்த்தாலே ஜன்னல் வழியாக அது தெரியும். எடுத்து வரச் சொல்லப்போகிறார் என்றே நினைத்தேன். தெரேசாவும் நினைத்தாள், அவள் தோள் நிமிர்ந்தது.

"அது விசாரணைச் சாமான். முடியற வரைக்கும் நானும் தொட ஏலாது," என்றார். கையைக் கட்டிக்கொண்டு பனியைப் பார்த்தார். கணக்கப்பிள்ளை செக்ரோலில் அடிமட்டத்தை வைத்து என் பேரின்மேல் நேராக ஒரு கோடு போட்டார். தெரேசாவின் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு லயத்துக்குத் திரும்பினேன். 

விசாரணை முடிந்து சிறிலுக்கு வேலை போயிற்று. கந்தப்பளையில் யாரோ லொறி கராஜில் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று போயிருக்கிறான். காம்பராவைக் காலி செய்ய எங்களுக்கு ஏப்ரல் கடைசிவரை தவணை. காம்பராதான் போகிறது, காலாவது வரட்டும் என்று பத்தாந்தேதி ஆபீசுக்குப் போனேன். கம்பை ஊன்றி, இருக்கிற காலால் தத்தித் தத்திப் போனேன். கிளாக்கர் நல்ல பிள்ளை. பார்த்ததும் நாற்காலி போட்டார், அலமாரியைத் திறந்தார், காலை எடுத்து மேசைமேல் வைத்தார். அந்த வாசம் வந்தது. கையை நீட்டினேன்.

"கொஞ்சம் இருங்கக்கா. கையெழுத்து வாங்கிட்டுத்தான் குடுக்கணும்." பெரிய புத்தகத்தைப் புரட்டி ஒரு பக்கத்தை எடுத்தார். என் பேரை எழுதினார். லயத்தை எழுதினார். "செக்ரோல் நம்பர் என்னங்கக்கா?"

"வெட்டிட்டாங்களேப்பா."

பேனா நின்றது. அவர் புத்தகத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், உள்ளறைக் கதவைப் பார்த்தார். எழுந்து உள்ளே போனார். கொஞ்ச நேரம் பேச்சுச் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது என்னைப் பார்க்கவில்லை.

"நம்பர் இல்லாத ஆளுக்கு ஆபீஸ் சாமான் குடுக்க ஏலாதாம். கொழும்புக்கு எழுதிக் கேக்கணுமாம்."

கணுக்காலில் கட்டியிருந்த அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். என் பேர் இன்னும் அழியாமல் இருந்தது. அவர் காலைத் தூக்கிக்கொண்டு போய் அலமாரியில் மெதுவாக, சாயாமல் நிறுத்தினார். பிறகு பூட்டினார்.